கடிக்கிற மீன் இருக்கும் தொட்டியில் கை வைப்பவர்களுக்கு

தொட்டி கழுவப் போகிற வீட்டில் முதலில் காதில் விழுவது இதுதான்: “ஒண்ணும் பண்ணாது தம்பி, சும்மா விளையாடும்.” சொல்பவர் பொய் சொல்லவில்லை. தினமும் இரண்டு வேளை தன் விரலாலேயே தீனி கொடுப்பவரை அந்த ஃப்ளவர்ஹார்ன் மீன் உண்மையிலேயே ஒன்றும் பண்ணாது. உங்களை அதற்குத் தெரியாது. மாதத்துக்கு இரண்டு முறை வந்து, தண்ணீரை இறக்கி, கல்லைக் கிளறி, அது குடியிருக்கும் இடத்தைத் தலைகீழாக்கிவிட்டுப் போகிற கை உங்களுடையது.

சென்னை கொளத்தூர்ப் பக்க வண்ணமீன் கடைகளில் வேலை பழகிவிட்டு, வீடு, கிளினிக், ஓட்டல் என்று தொட்டிப் பராமரிப்புக்குப் போகும் பிள்ளைகள் இன்று நிறைய. பில்டர் கழுவ, பாசி சுரண்ட, மருந்து கலக்க யாராவது சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கடிக்கிற மீனை உள்ளே வைத்துக்கொண்டு எப்படி வேலை பார்ப்பது என்பதை மட்டும் கடிபட்டுத்தான் கற்க வேண்டியிருக்கிறது. அப்படி இருக்க வேண்டியதில்லை. பதினான்கு வருடமாக எனக்கு இதுதான் சோறு போடுகிறது, கற்றதைச் சொல்கிறேன்.

கடியைவிட உதறல் பொல்லாதது

வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் மூன்றடித் தொட்டி, உள்ளே ஒரே ஒரு ஃப்ளவர்ஹார்ன். மூடிக் கண்ணாடியைத் தூக்கிப் பக்கத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்று, பின் மூலையில் சரிந்து கிடந்த ஹீட்டரை நிமிர்த்தக் கையை விட்டேன். மீன் முன்பக்கம்தான் நின்றது. அது திரும்பியதை நான் பார்க்கவில்லை. உள்ளங்கை ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, டப்பென்று ஒரு இடி. ரம்பத்தால் லேசாக இழுத்ததுபோல் எரிச்சல்.

ஃப்ளவர்ஹார்னின் பல் சின்னது. சிராய்ப்போடு போயிருக்க வேண்டிய விஷயம். ஆனால் நான் கையை உதறி இழுத்தேன். முழங்கை கண்ணாடியில் பட்டது, கண்ணாடி சரிந்து உடைந்தது, ஸ்டூல் வழுக்கியது, விழாமல் இருக்க நீட்டிய இடது கை உடைந்த விளிம்பில் போய் ஊன்றியது. மீன் கடித்த இடத்துக்கு ஒரு பிளாஸ்திரி போதும். மணிக்கட்டுக்கு ஆறு தையல்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: மீன் கடிக்கும்போது கை உதறும். மன உறுதியால் அதை நிறுத்த முடியாது. சுடுகிற பாத்திரத்தைத் தொட்ட கை யாரைக் கேட்டு விலகுகிறது? ஆகவே கையை விடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘இப்போது கை உதறினால் எதில் போய் இடிக்கும்?’ என்பதுதான். மூடிக் கண்ணாடியைச் சாய்த்து வைக்காதீர்கள். வேறு அறையில் தரையில் படுக்கப்போட்டு மேலே ஒரு துண்டை விரியுங்கள். தொட்டி மேல் இருக்கும் லைட்டைக் கழற்றி மேசையில் வையுங்கள். அது தண்ணீருக்குள் விழுந்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டவே வேண்டாம், கால் அகன்ற இரும்புப் படி கொண்டுபோங்கள். காலடியில் பழைய சாக்கு. மோதிரம், வாட்ச், கையில் கட்டிய கயிறு எல்லாம் பைக்குள்.

மின்சாரத்தையும் இதே கணக்கில் சேருங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி மேலே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். முதலில் பிடுங்க வேண்டியது ஹீட்டர். கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் தண்ணீரை இறக்க வேண்டும். சூட்டோடு நீர்மட்டத்துக்கு வெளியே வந்தால் கண்ணாடிக் குழாய் விரிசல் விடும். ஆஸ்கர் மாதிரி பெரிய மீன்கள் இடித்தே ஹீட்டரை உடைத்துவிடுவதும் உண்டு. அதனால் முதல் தடவை போகும்போதே ஹீட்டரில் கீறல் இருக்கிறதா, வீட்டில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். உங்கள் உயிருக்காகக் கேட்கிறீர்கள், தயங்க ஒன்றுமில்லை.

அதன் பேட்டை எது?

நம் ஊர்த் தொட்டிகளில் கையைக் கடிக்கிற மீன்களில் பெரும்பாலானவை சிக்லிட் வகை. ஆஸ்கர், ரெட் டெவில், ஜாகுவார், டெக்சாஸ் எல்லாம் இதில் வரும். ஃப்ளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் பிறந்ததல்ல. மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கியது. நெற்றிப் புடைப்பையும் வண்ணத்தையும் பார்த்து இங்கே வாஸ்து மீன் என்று வாங்குகிறார்கள். புடைப்போடு சேர்ந்து முன்னோர்களின் குணமும் வந்திருக்கிறது: இடம் பிடிப்பது, பிடித்த இடத்தைக் காப்பது.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. குஞ்சுகளை மந்தையாக ஓட்டிக்கொண்டு போகும் விராலின் அருகே காலை வைத்துப் பாருங்கள். மற்ற நேரம் ஆளைக் கண்டால் சேற்றுக்குள் ஓடுகிற மீன், அப்போது எதிர்த்து வரும். தொட்டியிலும் காவல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. ஒரு மண்சட்டி, பில்டர் குழாய்க்குக் கீழே தானே தோண்டிய குழி, ஒரு தட்டைக் கல் என்று எங்கோ ஒரு நடு இருக்கும். அங்கிருந்து தள்ளிப் போகப் போக வேகம் குறையும்.

அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மூடியைத் திறக்காமல், கையைக் கண்ணாடிக்கு வெளியே மெதுவாக நகர்த்துங்கள். எங்கே மீன் கூடவே வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது, எந்த இடத்தைக் கடக்கும்போது கண்ணாடியில் மோதுகிறது என்று பாருங்கள். பாய்வதற்கு முன் அது சொல்லிவிட்டுத்தான் பாயும். முதுகுத் துடுப்பு விறைத்து எழும். செவுள் மூடிகள் இரண்டு பக்கமும் குடை மாதிரி விரியும், தொண்டைத் தோல் கீழே தொங்கும். உடம்பில் கோடுகள் கறுக்கும். கடைசியாக, வால் லேசாக ஒரு பக்கம் வளைந்து, மீன் அசையாமல் நிற்கும். சுற்றிச் சுற்றி நீந்துகிற மீனுக்குப் பயப்படாதீர்கள். அசையாமல் உங்கள் விரலையே பார்க்கிற மீன் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

முட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். கல்லின் மேலோ கண்ணாடியிலோ ஜவ்வரிசியைப் பொடித்து ஒட்டியதுபோல் வரிசையாகத் தெரியும். ஜோடி இல்லாத பெண் ஃப்ளவர்ஹார்ன்கூட முட்டை போடும், போட்டதைக் காக்கும். தனி மீன் போட்ட முட்டை பொரியாது, சில நாளில் வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். அதுவரை அந்தத் தொட்டி வேலையைத் தள்ளிப் போடுங்கள். வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பலர் சந்தோஷப்பட்டு போட்டோ எடுத்திருக்கிறார்கள்.

கை எத்தனை நிமிடம் தண்ணீருக்குள் இருந்தது?

என்னிடம் வேலை பழகும் பையன்களிடம் தொட்டி எவ்வளவு சுத்தமாயிற்று என்று முதலில் கேட்க மாட்டேன். கை எத்தனை நிமிடம் உள்ளே இருந்தது என்றுதான் கேட்பேன். கெட்டிக்காரத்தனம் அந்த எண்ணைக் குறைப்பதில் இருக்கிறது.

மேக்னட் கிளீனரின் உள்பாதியைத் தொட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் நிரந்தரமாக ஒட்டி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் போட்டு எடுப்பதில்தான் கை உள்ளே போகிறது. காந்தம் எட்டாத இடத்துக்கு நீளக் கைப்பிடி வைத்த சுரண்டி. விழுந்ததை எடுக்க, செடியை நட, தீனித் துண்டைப் பொறுக்க இரண்டடி நீளப் பிளாஸ்டிக் இடுக்கி. கல்லுக்குள் சேர்ந்த கழிவை உறிஞ்சும் சைபன் குழாயும் நீளமாக இருக்கட்டும். வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கையால் அமுக்குகிற பந்து வைத்த சைபன் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. மீன் குழாயைத் தாக்கும். தாக்கட்டும். நீங்கள் குழாயை ஆட்டி விரட்டப் பார்த்தால் அதன் வெறி கூடும், வாயும் கிழியும். அப்படியே அசையாமல் பிடித்தால் இரண்டு மூன்று முட்டுக்குப் பிறகு விலகிவிடும்.

எனக்கு மிகவும் உதவியது தடுப்புப் பலகை. ஒவ்வொரு வாடிக்கையாளர் தொட்டிக்கும் அளவெடுத்து, தண்ணீர் போக ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு ஒன்று வெட்டி, அந்த வீட்டிலேயே விட்டு வைத்திருக்கிறேன். அறை விளக்கைக் குறைத்து, தொட்டி லைட்டை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, தகட்டை மெதுவாக இறக்கி மீனை ஒரு பாதியில் ஒதுக்குவேன். காலி பாதியில் வேலை. பிறகு பக்கம் மாற்றல். அவசரமாக இறக்கினால் மீன் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நசுங்கும். ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையுறை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தோள் வரை வரும் கெட்டி ரப்பர் கையுறை சிராய்ப்பைத் தடுக்கும், மருந்துத் தண்ணீரையும் தடுக்கும். அதைப் போட்டுக்கொண்டோம் என்ற தைரியத்தில் கையை உள்ளேயே வைத்திருந்தால் பயனில்லை. முள்ளுக்கு முன்னால் ரப்பர் நிற்காது.

கல்லையும் சட்டியையும் எடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் பிடியுங்கள். தனி மீன் இருக்கும் தொட்டியில் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திருப்பி வையுங்கள். இடம் மாறினால் அடுத்த முறை உங்களுக்குத்தான் கஷ்டம். இரண்டு மூன்று மீன்கள் இருந்து ஒன்று மற்றதை அடித்துக்கொண்டே இருந்தால் நேர்மாறாகச் செய்ய வேண்டும்: எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லை அழிந்துபோனால் எல்லா மீனும் புதுக் குடித்தனம் தொடங்கும்.

தண்ணீர் விஷயத்தில் பேராசை வேண்டாம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி ஒன்பது கன அடி; சுமார் 255 லிட்டர். அதில் 30 சதவீதம் என்றால் 20 லிட்டர் வாளியில் நான்கு வாளிக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு போதும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் முறிப்பான் கலந்து, சூடு ஒத்துப்போகிறதா என்று கையால் பார்த்து ஊற்றுங்கள். பில்டர் ஸ்பாஞ்சை இறக்கிய பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டுகிற மீனிடம் அமைதியை எதிர்பார்க்க முடியாது.

வலையைக் கீழே வையுங்கள்

பெரிய மீனை வேறு தொட்டிக்கு மாற்றச் சொன்னால் பலரும் எடுப்பது வலை. முள் வலையில் சிக்கும், மீன் துள்ளும், சிக்கெடுக்க விரல் போகும். அகலமான பிளாஸ்டிக் டப்பை தண்ணீருக்குள் சாய்த்து, தடுப்புப் பலகையால் மீனை அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு சேர்த்துத் தூக்குங்கள். 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ. இரண்டு பேர் வேண்டும்.

கெளுத்தி வகைகளில் பக்கத் துடுப்பின் முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும் வித்தை இருக்கிறது. நம் வயல்களில் இருக்கும் மீனுக்குத் தேளி என்று பெயர் வைத்தவர்கள் அது குத்தியதை வைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். தொட்டிகளில் விற்கும் ரெட் டெயில் கேட்ஃபிஷை அப்பாவி என்று நினைத்து வெறுங்கையால் பிடிக்காதீர்கள்.

கடல்நீர்த் தொட்டிக்கு இன்னும் ஒரு படி கவனம் தேவை. லயன்ஃபிஷுக்கு 18 நஞ்சு முட்கள்: முதுகில் 13, அடியில் 5. அது விரட்டி வந்து குத்துவதைவிட, நம் கை அதன் மேல் படுவதே அதிகம். வேலை முடியும்வரை அது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். ட்ரிகர் மீனின் தாடை நண்டு ஓட்டை உடைக்கிற தாடை. மோரே விலாங்குக்குத் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று உண்டு. 2007ல்தான் அது இரையை உள்ளே இழுக்கும் விதத்தை ஆய்வாளர்கள் படம்பிடித்து விளக்கினார்கள். பல் உள்நோக்கி வளைந்திருக்கும், கவ்வினால் பிடுங்கி இழுக்கிற கைதான் கிழியும். நன்னீர்த் திருக்கைக்கும் நஞ்சு முள் உண்டு, அது இருக்கும் தொட்டியில் தனியாக இறங்காதீர்கள்.

அரோவானா கடிப்பதற்குப் பேர் போனதல்ல, தாவுவதற்குப் பேர் போனது. தண்ணீருக்கு மேல் கிளையில் இருக்கும் பூச்சியைத் துள்ளிப் பிடிக்கும் வம்சம். மூடி திறந்திருக்கும் நேரமெல்லாம் அதற்கு வழி திறந்திருக்கிறது. பாதி மூடியை மட்டும் விலக்குங்கள், மீதியில் கனம் வையுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிய பிறகு மற்ற வேலையைத் தொடங்குங்கள். ஒருமுறை எல்லாம் முடித்துக் கிளம்பினேன். தீனி போடும் சின்னக் கதவைச் சரியாக அழுத்தவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த வீட்டு அம்மா போன் செய்தார். அவர் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. ஏழு வருடம் வளர்த்த மீன்.

ரத்தம் வந்தால்

சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். காயம் ஆழமாக இருந்தால், முள் உள்ளே தங்கியிருந்தால், டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால், அன்றே மருத்துவரிடம் போங்கள். லயன்ஃபிஷ், திருக்கை, கெளுத்தி போன்றவற்றின் நஞ்சு சூட்டில் செயலிழக்கும். அதனால் குத்திய இடத்தை 40 முதல் 45 டிகிரி சூடுள்ள தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைப்பது வலியைக் குறைக்கும். சூட்டை மற்றக் கையால் சோதியுங்கள். வலியில் துடிக்கிற கைக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். மூச்சுத் திணறல், தலைசுற்றல், மார்பு இறுக்கம் என்றால் வெந்நீருக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக 108.

இதைவிட மெதுவாக வருகிற ஒன்று இருக்கிறது. எங்களோடு வேலை பார்த்த ஒரு தம்பிக்கு, ஆஸ்கர் கடித்த சிராய்ப்பு ஆறி மூன்று வாரம் கழித்து, விரல் கணுவில் ஒரு சிவந்த கட்டி வந்தது. வலி அதிகமில்லை. களிம்பு போட்டான். பிறகு புறங்கையில் இன்னொன்று, மணிக்கட்டுப் பக்கம் இன்னொன்று. இரண்டு மருத்துவர்கள் மாறிய பிறகுதான் மூன்றாமவர், “நீங்க என்ன வேலை பண்றீங்க?” என்று கேட்டார். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி. மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கும், தோலில் இருக்கும் சின்ன வெட்டு வழியாக நுழையும், குளிர்ந்த இடமான விரலையும் கையையும் பிடிக்கும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுத்தான் குணமானான். ஆய்வுக்கூடத்தில் இதை 30 டிகிரியில் வளர்த்துப் பார்க்க வேண்டும்; வழக்கமான 37 டிகிரியில் பிடிபடாமல் போகலாம். அதனால் கையில் ஆறாத கட்டியோடு எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக, “டாக்டர், நான் மீன் தொட்டி கழுவுற வேலை பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். கையில் புண் இருக்கும் நாளில் தொட்டிக்குள் கை விடவே வேண்டாம்.

கூலியும் பேச்சும்

புது வாடிக்கையாளர் வீட்டுக்கு முதல் தடவை போவது வேலை செய்ய அல்ல, பார்க்க. என்ன மீன், எத்தனை வருடம், கையால் தீனி கொடுக்கிறீர்களா, கூட இருந்த மீன் ஏதாவது செத்திருக்கிறதா, கடைசியாகக் கழுவியவர் ஏன் நின்றுவிட்டார் — இவ்வளவும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வருகிற தடுமாற்றமே பாதி பதில்.

கடிக்கிற மீனுக்கு நேரம் அதிகம் ஆகும். அந்த நேரத்தைக் கூலியில் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு ஆள் வேலைக்கு இரண்டு ஆள் கூலி. “பக்கத்து பிளாட்டுல பாதி ரேட்டுக்கு வர்றாங்களே” என்றால், “சரிங்க சார், இந்தத் தொட்டிக்கு நான் தனியா கை விட மாட்டேன்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். இப்படி நான் விட்டுவிட்டு வந்த வீடுகளில் பாதிக்கு மேல் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிடாதவர்களுக்காகவும் நான் வருந்தியதில்லை. ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் கையுறை, இடுக்கி, டி.டி. ஊசிச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும். முதல் மாதப் பையனை ஃப்ளவர்ஹார்ன் தொட்டிக்குத் தனியாக அனுப்புவதை நான் பெரிய தவறாகவே நினைக்கிறேன்.

வீட்டுக்காரரிடமும் ஒரு உதவி கேளுங்கள். விரலால் தீனி கொடுப்பதை நிறுத்தி, இடுக்கியால், எப்போதும் முன் வலது மூலையில் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். மேலிருந்து வருகிற கை என்றாலே தீனி என்று மீன் கற்று வைத்திருப்பதை மறக்கச் சில வாரமாகும், ஆனால் மறக்கும். ஒவ்வொரு தொட்டிக்கும் போனில் ஒரு குறிப்பு வையுங்கள். அந்தப் பல் மருத்துவமனைத் தொட்டிக்கு என் குறிப்பு இன்னும் இருக்கிறது: ‘இடது பின் மூலை, சட்டிக்குப் பின்னால். அங்கே இடுக்கி மட்டும்.’ அங்கே இப்போது இருப்பது வேறு மீன். அது பிடித்து வைத்திருப்பதும் அதே மூலைதான்.

வேலை முடிந்ததும் தடுப்பை மெதுவாக எடுங்கள். தண்ணீர் நிரம்பிய பிறகே ஹீட்டர் பிளக். பில்டர் ஓடுகிறதா என்று குழாய் முனையில் பாருங்கள். லைட்டை உடனே போடாமல் கால் மணி நேரம் இருட்டிலேயே விடுங்கள், தீனி மாலையில். பையைத் தோளில் மாட்டுவதற்கு முன், மூடியின் நான்கு மூலையையும் தீனிக் கதவையும் ஒருமுறை கையால் அழுத்திப் பார்ப்பேன். அரோவானா வீடாக இருந்தால், வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை.